காலைப் புகை: அந்த முதல் நிமிடத்தைத் தவற விடாதீர்கள்!

கார்த்திகை, மார்கழி மாதங்களில் திருவண்ணாமலை டாக்சிக்காரர்களுக்குப் பொழுது விடிவது அதிகாலை 4 மணிக்கு. கிரிவலம் முடித்து ஊர் திரும்புகிறவர்கள், விமானம் பிடிக்கச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகிறவர்கள், ரமணாசிரமத்துக்கு வந்து இறங்குகிறவர்கள் என முக்கியமான சவாரிகள் எல்லாம் அந்த நேரத்தில்தான். செங்கம் சாலையிலும் போளூர் சாலையிலும் பக்கத்துத் தெருக்களிலும் ராத்திரி முழுக்கப் பனியில் நின்ற பழைய சுமோ, இண்டிகா, குவாலிஸ், பொலேரோ வண்டிகளில் சாவியைத் திருப்புவார்கள். சில வண்டிகள் உடனே எழுந்துகொள்ளும். சில, 'கர்... கர்...' என்று முனகி, நாலாவது முயற்சியில் உதறிக்கொண்டு கிளம்பி, தெரு முழுக்க வெள்ளைப் புகையைப் போர்த்திவிடும்.

அதே வண்டி காலை 11 மணிக்கு மெக்கானிக் கடைக்குப் போகும்.

"அண்ணே, காலையில ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. ஒரே புகை."

மெக்கானிக் சாவியைத் திருப்புவார். எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருப்பதால் தொட்டவுடன் ஸ்டார்ட் ஆகும். புகை துளிகூட இருக்காது.

"நல்லாத்தானே தம்பி இருக்கு? எதுக்கும் பம்ப்பை இறக்கிப் பார்த்துடலாம்."

இந்த ஒரு வார்த்தையில்தான் பல பேருடைய மாத வருமானம் கரைகிறது. டீசல் பம்ப்பைக் கழற்றி, பிரித்து, செட்டிங் செய்து மாட்டப் பல ஆயிரம் ஆகும். வண்டி மூன்று நான்கு நாள் நிற்கும். பௌர்ணமியோ தீபமோ அந்த நாட்களில் வந்துவிட்டால் சவாரியும் போகும். இவ்வளவுக்கும் பிறகு மறுநாள் காலை அதே புகை வந்தால்? வரும். ஏனென்றால், பழைய டீசல் காரில் காலைப் புகைக்கான காரணம் பம்ப்புக்கு வெளியே இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

இதில் மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நோயாளி காய்ச்சல் விட்ட பிறகு டாக்டரிடம் போன கதை இது. காலைப் புகைக்கான சாட்சியம் ஒரு நாளில் ஒரே ஒரு முறை, ஒரே ஒரு நிமிடம்தான் கிடைக்கிறது. அந்த நிமிடத்தில் வண்டிக்குப் பக்கத்தில் இருப்பவர் நீங்கள். எதைப் பார்க்க வேண்டும், எந்த வரிசையில் செலவு செய்ய வேண்டும் என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

குளிரின் மேல் பழி போடாதீர்கள்

"பனிக்காலம்ல, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்பவர்கள் அதிகம். கொஞ்சம் யோசியுங்கள். திருவண்ணாமலையில் மார்கழி விடியற்காலை என்பது 20 டிகிரி செல்சியஸை ஒட்டியது. சில நாட்களில் அதற்கும் சற்றுக் கீழே. அவ்வளவுதான். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் இன்னும் குளிரும். ஆனாலும் அது டீசல் உறைகிற குளிர் இல்லை.

லடாக்கில் நிஜமாகவே டீசல் உறையும். அதற்காகவே 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் மைனஸ் 33 டிகிரி வரை ஓடும் தன்மையை இழக்காத தனி டீசலை அங்கே அறிமுகப்படுத்தியது. நம் ஊரில் அந்தப் பிரச்சினையே கிடையாது. 20 டிகிரியில் ஆரோக்கியமான டீசல் எஞ்சின், அது 20 வருடப் பழசாக இருந்தாலும், இரண்டு மூன்று விநாடிகளில் ஸ்டார்ட் ஆக வேண்டும். லேசாக ஒரு மூச்சு புகை விட்டால் மன்னிக்கலாம். தெருவை மறைக்கிற புகை வந்தால் வண்டிக்குள் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது அல்லது செத்திருக்கிறது. குளிர் அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவே.

ஏன் என்று புரிந்துகொள்வது எளிது. சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும், அடிக்க அடிக்கப் பம்ப்பின் அடிப்பாகம் சுடும். காற்றை அழுத்தினால் சூடாகும். 1890களில் ருடால்ஃப் டீசல் இந்த உண்மையை வைத்துத்தான் தன் எஞ்சினை உருவாக்கினார். பெட்ரோல் வண்டி போல இதில் தீப்பொறி கிடையாது. காற்றைச் சுமார் 20 மடங்கு சுருக்குகிறார்கள். அது 500 டிகிரியைத் தாண்டிச் சூடாகும். அதில் டீசலைப் பனித்துளி போலப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். டீசல் பற்றிக்கொள்ள ஏறத்தாழ 250 டிகிரி போதும்.

ஆக, காலையில் எஞ்சின் ஓட மூன்று விஷயங்கள் வேண்டும். போதுமான சூடு, போதுமான டீசல், அந்த டீசல் சரியான நேரத்தில் சரியான தூவலாக வருவது. இவற்றில் எது குறைகிறது என்பதைப் புகையே சொல்லிவிடும்.

போனை எடுங்கள், படம் பிடியுங்கள்

இரவு வண்டியை நிறுத்தும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். மறுநாள் காலை முதல் ஸ்டார்ட்டை வீடியோ எடுக்க வேண்டும். வீட்டில் இருக்கும் யாராவது ஒருவர், வண்டி ஓட்டத் தெரியாதவராக இருந்தாலும் பரவாயில்லை, போனுடன் சைலன்சருக்குப் பக்கவாட்டில் ஐந்தடி தள்ளி நிற்கட்டும். நேர் பின்னால் நிற்க வேண்டாம். வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு இருக்க வேண்டும்.

செல்ஃப் அடிக்கும் சத்தம் பதிவாக வேண்டும். சைலன்சர் வாய் தெரிய வேண்டும். ஸ்டார்ட் ஆன பிறகும் மூன்று நிமிடம் நிறுத்தாமல் எடுக்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் நீங்கள், சாவியைப் போட்டதும் டேஷ்போர்டில் ஹீட்டர் விளக்கு எத்தனை விநாடி எரிந்தது என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அதுவும் பதிவாகிவிடும்.

இந்த வீடியோ மெக்கானிக்குக் கிடைத்தால் அவருடைய பாதி வேலை முடிந்தது. இன்னும் நல்லது, முதல் நாள் இரவே வண்டியைக் கடையில் விட்டுவிட்டு, "காலையில நீங்களே முதல் ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கண்ணே" என்று சொல்வது.

முதல் கேள்வி: செல்ஃப் அடிக்கும்போது புகை வருகிறதா?

வீடியோவில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். எஞ்சின் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. செல்ஃப் மட்டும் சுற்றுகிறது. அப்போது சைலன்சர் வாயில் என்ன நடக்கிறது?

புகையே இல்லை என்றால், டீசல் எஞ்சினுக்குள் போய்ச் சேரவே இல்லை. வெள்ளைப் புகை வருகிறது என்றால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை. கண்ணைக் கரிக்கும் அந்த வெள்ளைப் புகை, ஆவியாகி வெளியேறும் பச்சை டீசல்தான்.

இந்த இரண்டும் இரண்டு வேறு வியாதிகள். மருந்தும் வேறு.

புகையே இல்லையா? காற்றைத் தேடுங்கள்

முதலில் சாதாரணமான விஷயம். பழைய வண்டிகள் பலவற்றில் பம்ப்பின் மேல் டீசலைத் திறந்து மூடும் சின்ன மின்வால்வு ஒன்று இருக்கும். சாவியைப் போட்டதும் 'டக்' என்ற சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையா? அதற்கு வரும் ஒயரைப் பாருங்கள். ஒரு ஒயர் கழன்றதற்குப் பம்ப்பை இறக்கிய கதைகள் உண்டு.

அது சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம், ஏர். "டீசல்ல ஏர் பிடிச்சிருக்கு" என்பார்களே, அதுதான். டேங்க் கீழே இருக்கிறது, பம்ப் மேலே இருக்கிறது. பம்ப் டீசலை உறிஞ்சி எடுக்கிறது. உறிஞ்சும் பாதையில் எங்காவது ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால், இரவு முழுக்க அதன் வழியே காற்று நுழைந்து, குழாயில் உள்ள டீசல் மெல்ல டேங்குக்குத் திரும்பிவிடும்.

கிரிவலப் பாதையில் இளநீர் குடிக்கும்போது ஸ்ட்ராவில் சின்ன விரிசல் இருந்தால் என்ன ஆகும்? எவ்வளவு உறிஞ்சினாலும் வாய்க்குக் காற்றுதான் வரும். ஆனால் ஸ்ட்ராவில் இருந்து ஒரு சொட்டுக்கூட வெளியே கசியாது. டீசல் குழாயிலும் அப்படித்தான். தரையில் டீசல் சொட்டவில்லையே என்று நம்பிவிடக் கூடாது.

ஏர் பிரச்சினையைக் கண்டுபிடிக்கச் சில அறிகுறிகள்:

காலையில் உடனே ஸ்டார்ட் ஆகி, இரண்டு விநாடி ஓடி, அணைந்துவிடும். பிறகு நீண்ட நேரம் செல்ஃப் அடித்தால்தான் எழுந்திருக்கும். பம்ப்பில் மிச்சம் இருந்த டீசலில் ஓடிவிட்டு, காற்று வந்ததும் நின்றுவிடுகிறது.

முன்பக்கம் மேடாக நிறுத்தினால் மோசமாகவும், முன்பக்கம் பள்ளமாக நிறுத்தினால் நன்றாகவும் ஸ்டார்ட் ஆகும். போளூர் வழியாக மலை ஏறி ஜமுனாமரத்தூரில் இரவு தங்கும் டிரைவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள்.

ஃபில்டர் மேல் கையால் அடிக்கும் சின்ன பம்ப் இருக்கிறதல்லவா? காலையில் செல்ஃப் அடிக்கும் முன் அதைக் கெட்டியாகும் வரை அழுத்துங்கள். அதன் பிறகு வண்டி ஒரே முயற்சியில் எழுந்தால் சந்தேகமே வேண்டாம், ஏர்தான்.

உறுதி செய்ய, பம்ப்புக்குள் நுழையும் இடத்தில் ஓர் அடி நீளத்துக்கு டீசல் தாங்கும் கண்ணாடிக் குழாயை, அதாவது உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபைத் தற்காலிகமாக மாட்டச் சொல்லுங்கள். குமிழிகள் ஓடுவது கண்ணுக்கே தெரியும். பிறகு டேங்க்கில் இருந்து ஒவ்வொரு இணைப்பாகத் தேட வேண்டியதுதான். குற்றவாளி பெரும்பாலும் கிளிப் அடியில் வெடித்த ரப்பர் ஹோஸ், ஃபில்டர் மாற்றும்போது மாற்றாமல் விட்ட ரப்பர் வளையம், பல முறை கழற்றி மாட்டிய காப்பர் வாஷர், அல்லது அந்தக் கைப்பம்ப்பே. இவற்றில் சில, ஒரு டீ விலைக்கு வருபவை.

ஃபில்டர் அடியில் ஒரு பாட்டில் பிடியுங்கள்

வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடுதான் நமக்குப் பனிக்காலம் வருகிறது. அரை டேங்க் டீசலோடு வண்டி நிற்கும்போது, காலியான பாகத்தில் உள்ள ஈரக்காற்று இரவில் குளிர்ந்து நீராகப் படியும். டீசலைவிட நீர் கனம் என்பதால் அடியில் தங்கும். அது ஃபில்டருக்கு வரும்.

ஃபில்டர் அடியில் திருகு இருக்கும் வண்டிகளில், வாரத்துக்கு ஒரு முறை காலையில் செல்ஃப் அடிக்கும் முன் அதைத் திறந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். அடியில் தனியாக ஒரு அடுக்கு தெரிந்தால் அது தண்ணீர். கறுப்பாகத் தூள் படிந்தால் டேங்க்கைக் கழுவும் நேரம் வந்துவிட்டது. பிறகு கைப்பம்ப்பை அழுத்தி ஏர் எடுத்துவிட மறக்காதீர்கள்.

மழைக்காலத்தில் சவாரி முடிந்து இரவு நிறுத்தும்போது டேங்க் நிறைந்திருப்பது நல்லது. 'நாளைக்குக் காலையில போட்டுக்கலாம்' என்பது ஈரத்துக்கு அழைப்பு.

வெள்ளைப் புகையா? சூட்டைத் தேடுங்கள்

செல்ஃப் அடிக்கும்போதே வெள்ளைப் புகை வந்தால் வரிசையாகப் போங்கள். மலிவானதில் இருந்து விலை உயர்ந்ததை நோக்கி.

முதலில் பேட்டரி. பலர் இதை மறந்துவிடுகிறார்கள். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் அழுத்தப்பட்ட காற்றுக்கு ரிங் வழியாகத் தப்பித்துப்போக நேரம் கிடைக்கும். சூடும் சிலிண்டர் சுவருக்குப் போய்விடும். ராத்திரி ஓய்வுக்குப் பிறகு பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு ஆரோக்கியம். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 9.5 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரியையோ, அதன் கம்பி முனைகளையோ, செல்ஃப் மோட்டாரையோ பார்க்க வேண்டும். பச்சை பூத்த பேட்டரி முனையைச் சுத்தம் செய்வதற்குச் செலவே இல்லை.

இரண்டாவது ஹீட்டர் பிளக். அம்பாசிடர், இண்டிகா போன்ற பழைய டீசல் கார்களில் டீசல் முதலில் ஒரு சின்ன அறைக்குள் பீய்ச்சப்படுகிறது. குளிர்ந்த நேரத்தில் அந்த அறையின் சுவர் சூட்டை விழுங்கிவிடும். அதை ஈடுகட்டத்தான் சிலிண்டருக்கு ஒன்றாக ஹீட்டர் பிளக் வைத்திருக்கிறார்கள். அதன் முனை சில விநாடிகளில் 800 டிகிரியைத் தாண்டிச் சிவக்கும். சில டி.ஐ. எஞ்சின்களில் இந்தப் பிளக்கே கிடையாது. உங்கள் வண்டி எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

இங்கே ஒரு பெரிய ஏமாற்று உண்டு. டேஷ்போர்டில் ஹீட்டர் விளக்கு எரிந்து அணைந்தால் ஹீட்டர் வேலை செய்கிறது என்று நினைக்கிறோம். பெரும்பாலான பழைய வண்டிகளில் அந்த விளக்கு ஒரு கடிகாரம் மாதிரிதான். இத்தனை விநாடி என்று எண்ணிவிட்டு அணையும். நான்கு பிளக்கும் செத்துப் போயிருந்தாலும் அது சமர்த்தாக எரிந்து அணையும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சாவியைப் போடுங்கள், விளக்கு அணையட்டும், சாவியை எடுங்கள். இப்படி மூன்று முறை செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். வழக்கத்தைவிட நன்றாக எழுந்தால், சூடு போதவில்லை என்று அர்த்தம். சில பிளக்குகள் செத்திருக்கலாம்.

மெக்கானிக் செய்ய வேண்டிய சோதனையும் ஐந்து நிமிட வேலைதான். பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு, பேட்டரி பாசிட்டிவில் இருந்து டெஸ்ட் லேம்ப் வழியாக ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொட வேண்டும். பல்பு எரிந்தால் உள்ளே சுருள் அறுபடவில்லை. எரியாவிட்டால் அந்தப் பிளக் முடிந்தது. தகட்டைக் கழற்றாமல் சோதித்தால் நான்கும் நன்றாக இருப்பது போலவே காட்டும். நான்கு பிளக்கும் நன்றாக இருந்தால், சாவி போடும்போது அவற்றுக்குக் கரண்ட் வருகிறதா, ரிலேயும் ஃபியூஸும் சரியா என்று பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பல வருடம் கழற்றாத பிளக் கரியில் இறுகியிருக்கும். எஞ்சின் சூடாக இருக்கும்போது, துரு இளக்கும் எண்ணெய் விட்டு, பொறுமையாகக் கழற்ற வேண்டும். அவசரப்பட்டு உடைத்துவிட்டால் ஹெட்டையே இறக்க நேரிடலாம்.

மூன்றாவது நாசில். நல்ல நாசில் டீசலைப் புகை போலத் தூவும். தேய்ந்த நாசில், மூடாத குழாய் போல ஒழுகும். ஒழுகும் டீசல் குளிர்ந்த எஞ்சினில் எரியாது. இதன் அடையாளம், ஸ்டார்ட் ஆனதும் வண்டி ஒரு சிலிண்டர் குறைந்தது போல உதறும், 'டங் டங்' என்று ஒரு தட்டல் கேட்கும், சூடாகச் சூடாகக் குறையும். டீசல் பம்ப், நாசில் வேலை பார்க்கும் கடைகளில் கையால் இயக்கும் சோதனைக் கருவி இருக்கும். நாசிலைக் கழற்றிக் கொண்டுபோனால் கண் முன்னாலேயே தூவிக் காட்டுவார்கள். நேரில் நின்று பாருங்கள். திரும்ப மாட்டும்போது புது காப்பர் வாஷர் போட வேண்டும்.

நான்காவது டைமிங். "போன மாசம் டைமிங் பெல்ட் மாத்தினோம், அதுல இருந்துதான் இப்படி" என்று யாராவது சொன்னால் விடை அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. இண்டிகா போன்ற பெல்ட் வண்டிகளில் ஒரு பல் தள்ளி மாட்டினாலும் டீசல் தாமதமாகப் பாயும், வெள்ளைப் புகை வரும். அதனால்தான், கடைசியாக வண்டியில் என்ன வேலை பார்த்தோம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது கம்ப்ரஷன். மேலே உள்ள எல்லாம் சரியாக இருந்தும் புகை குறையாவிட்டால் கேஜ் வைத்து அளக்க வேண்டும். இவ்வகை எஞ்சின்களில் பொதுவாக 25 முதல் 30 பார் வரை எதிர்பார்க்கலாம். துல்லியமான அளவு எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகக் குறைந்திருந்தால் வால்வோ ரிங்கோ காரணம். அப்போது பம்ப்பைப் பிரிப்பதில் பயனில்லை.

இவ்வளவையும் தாண்டிய பிறகுதான் பம்ப்பின் முறை வருகிறது. அப்போது தயங்காமல் செலவு செய்யலாம்.

நீலமும் கறுப்பும்

நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. காலையில் ஒரு கொத்து நீலப் புகை விட்டுவிட்டுப் பிறகு சுத்தமாக ஓடினால், இரவில் வால்வு சீல் வழியாக ஆயில் இறங்கியிருக்கிறது. நாள் முழுக்க நீலம் என்றால் ரிங்கைச் சந்தேகியுங்கள்.

கறுப்புப் புகை என்றால் காற்றுக்கு மீறிய டீசல். ஸ்டார்ட் ஆகும் கணத்தில் ஒரு மூச்சு கறுப்பு வருவது பழைய வண்டிகளில் இயல்பு. அது தொடர்ந்தால் முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள், பிறகு நாசில்.

எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை, ரேடியேட்டர் தண்ணீரும் குறைகிறது என்றால் அது டீசல் புகை இல்லை, நீராவி. ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். வண்டியை ஓட்டாதீர்கள்.

கூடவே ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். ஆயில் அளவு குறையாமல் கூடியிருந்தால், முகர்ந்தால் டீசல் வாடை அடித்தால், டீசல் எங்கோ எஞ்சின் ஆயிலில் கலக்கிறது. அது புகையைவிட அவசரமான விஷயம்.

காமன் ரயில் வண்டியா? கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

2007-ல் வந்த ஸ்விஃப்ட் டீசல் போன்ற வண்டிகளும் இன்று பழைய வண்டிகள் ஆகிவிட்டன. இவற்றில் டீசல் குழாயில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் ஏறும். பழைய வண்டியில் செய்வது போல, எஞ்சின் ஓடும்போது நட்டைத் தளர்த்தி எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று பார்க்கும் வேலை இங்கே கூடவே கூடாது. பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளி மாதிரிதான் தெரியும், ஆனால் விரலையே இழக்க நேரிடலாம். அப்படி நடந்தால் மஞ்சள் தடவிக்கொண்டு வீட்டில் உட்காராமல் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இந்த வண்டிகள் காலையில் அடம்பிடித்தால் ஸ்கேனர் வைத்துப் பார்ப்பதோடு, 'இன்ஜெக்டர் ரிட்டர்ன் டெஸ்ட்' செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரில் இருந்தும் திரும்பும் டீசலைத் தனித்தனி பாட்டிலில் பிடித்து ஒப்பிடுவார்கள். ஒன்றில் மட்டும் அதிகம் நிறைந்தால் அந்த இன்ஜெக்டர்தான் அழுத்தத்தைத் தின்கிறது. நான்கையும் மாற்றும் செலவு மிச்சம்.

இவற்றைச் செய்யாதீர்கள்

ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில் ஏர் ஃபில்டர் வழியாக ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிப்பதோ, எரியும் துணியைக் காட்டுவதோ வேண்டாம். ஸ்பிரே நேரம் தப்பி வெடித்தால் பிஸ்டன் உடையும். தீ வெளியே வந்தால் கை சுடும்.

ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். அரை நிமிடமாவது இடைவெளி விடுங்கள்.

மண்ணெண்ணெயோ பெட்ரோலோ கலந்தால் காலையில் நன்றாக எழும் என்பது தவறான வைத்தியம். பம்ப்புக்கும் நாசிலுக்கும் வழவழப்பு கொடுப்பதே டீசல்தான். அதை நீர்த்துப்போகச் செய்தால், இல்லாத பம்ப் செலவை நாமே வரவழைக்கிறோம்.

ஷெட்டுக்குள் கதவை மூடிக்கொண்டு எஞ்சினை ஓட விடாதீர்கள். தெருவில் பத்து நிமிடம் நிறுத்திச் சூடாக்கவும் தேவையில்லை. நம் ஊர்க் குளிருக்கு அரை நிமிடம் போதும். பிறகு ரேஸ் பண்ணாமல் மெதுவாக ஓட்டினால் எஞ்சின் சீக்கிரம் சூடாகும்.

சான்றிதழ் பார்க்காத புகை

"எங்கிட்டதான் புகைச் சான்றிதழ் இருக்கே" என்று நீங்கள் சொல்லலாம். அந்தச் சோதனை எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஆக்ஸிலேட்டரை மிதித்துச் செய்யப்படுவது. காலை 4 மணிக்கு எதிர் வீட்டு ஜன்னலுக்குள் போகும் வெள்ளைப் புகையை அந்தக் கருவி பார்ப்பதே இல்லை. அதைச் சுவாசிப்பவர் திண்ணையில் படுத்திருக்கும் பெரியவராகவோ, மூச்சிரைப்பு உள்ள குழந்தையாகவோ இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டீசல் புகை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2012 ஜூனில் உறுதிப்படுத்தியது.

பழைய வண்டி வைத்திருப்பது குற்றம் இல்லை. அதை நம்பித்தான் பல குடும்பங்களில் அடுப்பு எரிகிறது, ஸ்கூல் ஃபீஸ் கட்டுகிறார்கள். மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் சாணத்தையும் மூச்சையும் பார்த்து நோயைச் சொல்லும் பெரியவர்கள் நம் ஊரில் இருந்தார்கள். டீசல் வண்டியின் மூச்சு அந்த முதல் நிமிடப் புகைதான்.

நாளைக் காலை சாவியைத் திருப்பும் முன் வீட்டில் யாரையாவது எழுப்பி போனோடு நிற்க வையுங்கள். மெக்கானிக்கிடம் போகும்போது "புகை வருது" என்று மட்டும் சொல்லாமல், "செல்ஃப் அடிக்கும்போதே வெள்ளைப் புகை வருதுண்ணே, கண்ணு எரியுது, ரெண்டு நிமிஷத்துல நின்னுடுது. மூணு தடவை ஹீட்டர் போட்டா நல்லா எடுக்குது" என்று சொல்லிப் பாருங்கள். அவர் கை பம்ப்பின் பக்கம் போகாது.

(அடுத்த வாரம்: மழைத் தண்ணீரில் நின்ற காரை எப்போது ஸ்டார்ட் செய்யலாம்?)